டிவி தானாக ஆன் ஆகிறது, சத்தம் இடம் மாறுகிறது: சிஇசி தகராறைத் தீர்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: வீட்டில் ஒரு ஸ்மார்ட் டிவி. அதோடு ஏஆர்சி போர்ட்டில் (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட்) ஒரு சவுண்ட்பார், மற்ற போர்ட்டுகளில் டிடிஎச் பெட்டி, ஸ்ட்ரீமிங் ஸ்டிக், பிள்ளைகளின் கேம் கன்சோல். இரவு டிவியை அணைத்துவிட்டுப் படுத்தால் சில நாள் தானே ஆன் ஆகி எரிகிறது. செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது திரை திடீரென்று ஸ்டிக்குக்குத் தாவுகிறது. சத்தம் ஒரு நாள் சவுண்ட்பாரில் வருகிறது, ஒரு நாள் டிவி ஸ்பீக்கரிலேயே நின்றுவிடுகிறது. பார்க்க வந்த மெக்கானிக் "மெயின் போர்டு போயிருக்கும்" என்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். மூன்று தொல்லையும் ஒரே வேரிலிருந்து வர வாய்ப்பு மிக அதிகம், அப்படி வந்தால் எந்தக் கருவியும் கெட்டுப்போகவில்லை என்றுதான் அர்த்தம். எச்டிஎம்ஐ கேபிளில் படத்துக்கும் ஒலிக்குமான கம்பிகள் போக, கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை சொல்லிக்கொள்வதற்கென்று ஒரு தனிக் கம்பி உண்டு. 19 பின்களில் 13-வது அது. பெயர் சிஇசி. டிவி ரிமோட்டாலேயே சவுண்ட்பாரின் சத்தத்தைக் கூட்ட முடிவதும், ஸ்டிக்கின் ரிமோட்டை அமுக்கினால் டிவி எழுந்துகொள்வதும் இதன் உபயம். உங்கள் வீட்டில் நடப்பது இந்தக் கம்பியில் நடக்கும் தள்ளுமுள்ளு.

டிவி மெனுவில் தேடினால் சிஇசி என்ற பெயர் உடனே கண்ணில் படாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயரை வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானசோனிக்கில் வியரா லிங்க், பிலிப்ஸில் ஈஸிலிங்க். பெயர்தான் வேறு, கம்பி ஒன்றே. 2002-ல் எச்டிஎம்ஐயின் முதல் பதிப்பிலேயே இதற்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். கட்டளைகளை முழுதாக வரையறுத்தது 2005 டிசம்பரில் வந்த 1.2ஏ பதிப்பு. கம்பி இருக்க வேண்டியது கட்டாயம், அதில் பேசத் தெரிந்திருக்க வேண்டியது கட்டாயமில்லை என்று விதியை வைத்தார்கள். பேசத் தெரிந்த கருவியும் எத்தனை கட்டளைகளைக் கற்றிருக்க வேண்டும் என்பதில் தாராளமாக விட்டுவிட்டார்கள். அதனால் ஆளுக்கு ஒரு பாதி கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இந்தக் கம்பி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தானே புரிந்துவிடும். டிவியின் மூன்று நான்கு போர்ட்டுகளிலும் 13-வது பின் உள்ளுக்குள் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. சும்மா இருக்கும்போது அதில் 3.3 வோல்ட் நிற்கும். பேச விரும்பும் கருவி அதைக் கீழே இழுத்து விட்டு, இழுத்து விட்டு, செய்தியை அனுப்பும். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். வேகம் மிகக் குறைவு, ஒரு பிட்டுக்கு 2.4 மில்லி செகண்ட். 'இப்போது திரையில் நான்தான்' என்று ஒரு கருவி அறிவிக்கும் செய்தி போய்ச் சேரவே செகண்டில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு மைக், அதை யார் வேண்டுமானாலும் வாங்கிப் பேசலாம், கடைசியாகப் பேசியவர் சொன்னதே செல்லும் என்று வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் சிஇசி. இங்கே முதலாளி கிடையாது. கம்பியில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்தான் முகவரி; டிவிக்கு முகவரி 0 என்பது தவிர அதற்குப் பெரிய அதிகாரம் எதுவும் இல்லை. 'நான்தான் திரையில்' என்று ஸ்டிக் சொன்னால், நீங்கள் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று டிவி யோசிக்காது. போர்ட்டை மாற்றிவிடும்.

ஆகவே, செய்ய வேண்டியது ஒன்றுதான்: யாருக்குப் பேச அனுமதி என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் இடையிலான பேச்சு அவசியம், அது இருக்கட்டும். மற்றவர்கள் வாயை எவ்வளவு அடைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. டிவியில் சிஇசியை மொத்தமாக அணைத்துவிடச் சொல்லும் அறிவுரை நிறையக் கிடைக்கும். சவுண்ட்பார் இல்லாத வீட்டுக்கு அது சரி. உங்களுக்கு அது சரிப்படாது, காரணம் பின்னால் வருகிறது.

முதலில் குற்றவாளி யார் என்று பார்த்துவிடுவோம். ஸ்டிக், கன்சோல், டிடிஎச் பெட்டி மூன்றின் எச்டிஎம்ஐ கேபிள்களையும் டிவியிலிருந்து உருவிவிடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவிட்சை அணைத்தாலும் சந்தேகம்தான். தூங்கும் கருவியும் சிஇசியில் பேசும், கரண்டே இல்லாத ஒரு கருவியும் உள்ளே பழுதிருந்தால் அந்தக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு மொத்தப் பேரையும் ஊமையாக்கிவிடும். கேபிளை உருவுவது ஒன்றே உறுதியான வழி. டிவியும் சவுண்ட்பாரும் மட்டும் இரண்டு நாள் ஓடட்டும். தொல்லை நின்றுவிட்டதா? ஒவ்வொரு கேபிளாகத் திரும்பச் செருகி, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நாள் கொடுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் போர்டு மாற்றும் செலவை நினைத்தால் பொறுமை மலிவு.

இன்னும் துல்லியமாகப் பார்க்க ஆசையிருந்தால், வீட்டில் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி சும்மா கிடந்தால், அதை ஒரு போர்ட்டில் செருகிவிட்டு லிப்சிஇசி என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். கம்பியில் போகும் பேச்சு முழுக்கத் திரையில் எண்களாக ஓடும். '40:04' என்று ஒரு வரி வந்தால், முகவரி 4-ல் இருக்கும் கருவி முகவரி 0-க்கு, அதாவது டிவிக்கு, 'எழுந்திரு' என்கிறது என்று பொருள். 4 என்பது படம் காட்டும் கருவிகளுக்கான முதல் முகவரி. ஸ்டிக்கோ கன்சோலோ அங்கேதான் உட்கார்ந்திருக்கும். இரவு முழுக்க இதை ஓடவிட்டால் காலையில் டிவியை எழுப்பியது யார் என்று நேரத்தோடு தெரிந்துவிடும். ஒன்று மட்டும்: ராஸ்பெரி பையும் பூட் ஆகும்போது 'நான்தான் திரையில்' என்று ஒரு குரல் கொடுக்கும் பழக்கமுள்ளது. துப்பறிய வந்தவரே கலாட்டா செய்யாமல் இருக்க, அதன் அமைப்புக் கோப்பில் அதை நிறுத்திவிட்டுப் பிறகு செருகுங்கள்.

இனி உங்கள் தொல்லைகள். திரை ஸ்டிக்குக்குத் தாவுவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதற்கு நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஸ்டிக்குக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்து என்றால் பதில் கிடைத்துவிட்டது. பல டிவிகள் அணையும்போது யுஎஸ்பியையும் அணைத்துவிடும். டிவி எரியும்போது ஸ்டிக் முதலிலிருந்து பூட் ஆகும். அதற்கு அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குள் நீங்கள் டிடிஎச்சுக்குப் போய்ச் செய்தி பார்க்க ஆரம்பித்திருப்பீர்கள். பூட் முடிந்த கையோடு ஸ்டிக் 'நான்தான் திரையில்' என்று சொல்லும், டிவி அங்கே ஓடும். யுஎஸ்பி போர்ட்டின் கரண்ட் போதாமல் படத்தின் நடுவே ஸ்டிக் ரீஸ்டார்ட் ஆனாலும் இதே கதைதான். டப்பாவில் வந்த அடாப்டரை எடுத்துச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். இந்த ஒரு வேலையிலேயே பல வீடுகளில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

அடுத்து, டிவி தானாக எரிவது. ஸ்டிக் அப்டேட் முடித்து ரீஸ்டார்ட் ஆனாலும் டிவியை எழுப்பிவிடலாம். வீட்டில் யாராவது மொபைலில் யூடியூப் பார்க்கும்போது கை தவறி, படத்தை டிவிக்கு அனுப்பும் காஸ்ட் பட்டனை அமுக்கினாலும் டிவி எரியும். கேம் கன்சோலின் கன்ட்ரோலர் சோஃபா இடுக்கில் கிடந்து, யாராவது அதன்மேல் உட்கார்ந்தால் கன்சோல் விழிக்கும், கன்சோல் டிவியை எழுப்பும். நம்மூருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு: கரண்ட் போய் வருவது. திரும்ப வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் பூட் ஆகி, ஒரே கம்பியில் முகவரி கேட்டு முண்டியடிக்கும். கடைசியில் முடிப்பவர் திரையைப் பிடித்துக்கொள்வார். நள்ளிரவில் கரண்ட் வந்து டிவி எரிந்தால் பேயும் இல்லை, போர்டும் இல்லை.

இதிலேயே ஒரு சுழல் உண்டு. ஸ்டிக்கை டிவியில் செருகாமல் சவுண்ட்பாரின் எச்டிஎம்ஐ இன்புட்டில் செருகியிருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். டிவியை அணைத்ததும் அது 'எல்லோரும் தூங்குங்கள்' என்று அனுப்பும். சவுண்ட்பார் தூங்கப் போகும்போது தன் இன்புட்டுகளின் இணைப்பை ஒரு கணம் விட்டுப் பிடிக்கும். ஸ்டிக்குக்கு அது புதிதாக ஒரு டிவி செருகப்பட்டது போலத் தெரியும். உடனே 'வணக்கம், நான்தான் திரையில்' என்று சொல்லும். டிவி மறுபடி எரியும். அணைத்த சில நொடிகளிலேயே டிவி எரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஸ்டிக்கை நேராக டிவியில் செருகினால் பெரும்பாலும் தீரும்.

சரி, வாயை அடைப்பது எப்படி? ஒவ்வொரு கருவியின் செட்டிங்கிலும் இதற்கு இடம் உண்டு. ஃபயர் டிவியில் 'டிஸ்பிளே அண்ட் சவுண்ட்ஸ்' பகுதிக்குள் எச்டிஎம்ஐ சிஇசி என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஆண்ட்ராய்டு டிவி வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் 'எச்டிஎம்ஐ கன்ட்ரோல்' என்ற தலைப்பு. பிளேஸ்டேஷன் 5-ல் சிஸ்டம் அமைப்புகளுக்குள் எச்டிஎம்ஐ பகுதியில் மூன்று தனித்தனிச் சுவிட்சுகள்: டிவைஸ் லிங்க், ஒன்-டச் பிளே, பவர் ஆஃப் லிங்க். இந்தப் பிரிப்பு எனக்குப் பிடிக்கும். கன்சோல் டிவியை எழுப்ப வேண்டாம், ஆனால் டிவியை அணைத்தால் கன்சோலும் ஓய்வுக்குப் போக வேண்டும் என்றால், ஒன்-டச் பிளேயை மட்டும் அணைத்தால் போதும். நின்டெண்டோ ஸ்விட்சில் டிவியின் பவரோடு சேர்ந்து நடக்கும் அமைப்பு ஒன்று உண்டு, அதை அணையுங்கள். டிவியிலும் சோனி, பானசோனிக் போன்றவற்றில் 'கருவி டிவியை எழுப்பலாமா', 'டிவி அணைந்தால் கருவிகளும் அணையலாமா' என்று இரண்டு தனி அமைப்புகள் கிடைக்கும். முதலாவதை அணைத்து இரண்டாவதை வைத்துக்கொண்டால் இரவுத் தொல்லைக்கு அதுவே மருந்து. சாம்சங்கில் பெரும்பாலும் ஒரே சுவிட்ச், அங்கே கருவிகளின் பக்கம்தான் வேலை.

டிவியோடு கருவிகளையும் அணைக்கும் அந்த இரண்டாவது அமைப்பிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. டிவி அனுப்பும் தூங்கும் கட்டளை பொதுவாக எல்லோருக்குமானது. சவுண்ட்பாரில் புளூடூத்தில் பாட்டு ஓடும்போது யாராவது டிவியை அணைத்தால் பாட்டும் நின்றுபோகலாம். வீட்டில் பாட்டு கேட்பவர் ஒருவர், டிவியை அணைப்பவர் இன்னொருவர் என்றால் சண்டை கருவிகளுக்குள் மட்டும் நிற்காது.

சத்தம் இடம் மாறுவது சற்று வேறு விஷயம். ஏஆர்சி என்பது டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒலியை அதே எச்டிஎம்ஐ கேபிளில் திருப்பி அனுப்பும் வசதி; 2009-ல் 1.4 பதிப்போடு வந்தது. ஒலி போவது 14-வது பின்னில். 19-வதும் சில சமயம் கூடச் சேரும். ஆனால் 'நீ இருக்கிறாயா, ஒலியை நீ எடுத்துக்கொள்கிறாயா' என்ற பேச்சுவார்த்தை 13-வது பின்னில், அதாவது சிஇசியில் நடக்கிறது. டிவியில் சிஇசியை மொத்தமாக அணைத்தால் பெரும்பாலான டிவிகளில் ஏஆர்சியும் சேர்ந்து போவது இதனால்தான். டிவி எரிந்ததும் முகவரி 5-ஐக் கூப்பிடும். ஒலிக்கருவிக்கென்று ஒதுக்கிய ஒரே முகவரி அது. சவுண்ட்பார் இன்னும் விழித்து முடிக்கவில்லை, அல்லது ஸ்டிக்கும் கன்சோலும் கம்பியை நிறைத்துப் பேசிக்கொண்டிருக்கின்றன என்றால் பதில் வர நேரமாகும். டிவி 'யாரும் இல்லை போலும்' என்று தன் ஸ்பீக்கரைத் திறந்துவிடும். உங்களுக்கு ஒரு நாள் அப்படி, ஒரு நாள் இப்படி நடப்பது இந்த ஓட்டப்பந்தயத்தின் முடிவைப் பொறுத்தது.

இதற்கு டிவியின் ஒலி அமைப்பில் 'தானாகத் தேர்வு' என்றிருந்தால் மாற்றி, எச்டிஎம்ஐ ஏஆர்சி என்று நிலையாக வையுங்கள். சவுண்ட்பாரின் கேபிள் ஏஆர்சி என்று எழுதிய போர்ட்டில்தான் இருக்கிறதா என்று ஒரு தரம் குனிந்து பாருங்கள். டிவியைச் சுத்தம் செய்தபோது மாறிப்போயிருப்பது சகஜம். டிவியும் சவுண்ட்பாரும் இரண்டுமே இஏஆர்சி (ஏஆர்சியின் புதிய வடிவம்) உள்ளவை என்றால் உங்களுக்கு ஒரு வழி கூடுதல். 2017-ல் 2.1 பதிப்போடு வந்த இது, பேச்சுவார்த்தைக்கு சிஇசியை நம்பாமல் தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது. சிஇசியை அணைத்தாலும் ஒலி வர வேண்டும். 'வேண்டும்' என்கிறேன், ஏனென்றால் சில டிவிகள் இரண்டையும் ஒரே சுவிட்சில் கட்டிவைத்திருக்கின்றன. அணைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒலி வந்தாலும் டிவி ரிமோட்டால் சவுண்ட்பாரின் சத்தத்தைக் கூட்டுவது போய்விடும், அது சிஇசியின் வேலை.

சத்தம் பற்றியே இன்னொன்று. ஒரு தடவை அமுக்கினால் இரண்டு படி ஏறுகிறது, அல்லது டிவியிலும் சவுண்ட்பாரிலும் ஒன்றாக ஏறுகிறது என்றால், அது சிஇசியும் அகச்சிவப்புக் கதிரும் ஒரே வேலையைச் செய்வது. ஸ்டிக்கின் ரிமோட் பல நேரம் சத்தத்துக்கு மட்டும் பழைய ரிமோட் போலக் கதிரை அனுப்பும், மற்றதற்கு புளூடூத். எது வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க ரிமோட்டின் முகப்பைச் சமையலறை அலுமினியத் தாளில் நன்றாகச் சுற்றிவிட்டு அமுக்குங்கள். கையால் மூடினால் போதாது, கதிர் விரலிடுக்கில் தப்பிச் சுவரில் பட்டுத் திரும்பிவிடும். சுற்றிய பிறகும் சத்தம் ஏறினால் அது சிஇசி வழியே போகிறது. இரண்டில் ஒன்றை அணையுங்கள்; ரிமோட் அமைப்பில் சத்தத்துக்கு எந்தக் கருவி என்று கேட்கும் இடத்தில் சவுண்ட்பாரைத் தேர்ந்தாலே பெரும்பாலும் சரியாகும்.

போர்ட் போதாமல் எச்டிஎம்ஐ சுவிட்ச் பெட்டி வாங்கியிருக்கிறீர்களா? கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கருவியும் தான் எந்தப் போர்ட்டில் இருக்கிறோம் என்பதை டிவி தரும் தகவலிலிருந்து படித்துக்கொள்ளும்: முதல் போர்ட் என்றால் 1.0.0.0, இரண்டாவது போர்ட்டில் இருக்கும் சவுண்ட்பாரின் முதல் இன்புட் என்றால் 2.1.0.0. விலை குறைந்த சுவிட்ச் பெட்டி இந்தத் தகவலை மாற்றாமல் அப்படியே எல்லாக் கருவிகளுக்கும் கொடுத்துவிடும். மூன்று பேரும் 1.0.0.0 என்று நம்பிக்கொண்டு பேசுவார்கள். அதற்கு மேல் எந்த செட்டிங்கும் அங்கே எடுபடாது. அதுபோலவே படம் காட்டும் கருவிகளுக்கு ஒதுக்கிய முகவரிகள் 4, 8, 11 என்று மூன்றுதான். ஸ்டிக், கன்சோல், புளூரே பிளேயர், ஆண்ட்ராய்டு பெட்டி என்று நான்கு சேர்ந்தால், பழைய முறைப்படி நான்காவது முகவரியில்லாமல் நிற்கும். எது நான்காவது என்பது யார் முதலில் பூட் ஆனார் என்பதைப் பொறுத்தது, அதனால் தொல்லையும் தினம் ஒரு கருவியில் தெரியும்.

அமைப்புகளை மாற்றி முடித்ததும் ஒரு முறை எல்லாவற்றையும் சுவர் பிளக்கிலிருந்து உருவி, சில நிமிடம் விட்டு, வரிசையாக எழுப்புங்கள். முதலில் டிவி, அது முழுதாக எழுந்த பிறகு சவுண்ட்பார், அதன் பிறகு மற்றவை ஒவ்வொன்றாக. பழைய முகவரிகளை மறந்து புதிதாக எடுத்துக்கொள்ள இது அவசியம். இந்த வரிசையைத் தினமும் கடைப்பிடிக்க வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரே ஒரு கருவி அடங்க மறுத்தால், அல்லது அதில் சிஇசியை அணைக்க வழியே இல்லை என்றால், 13-வது பின் மட்டும் இணைக்கப்படாத சிறிய எச்டிஎம்ஐ அடாப்டர்கள் விற்கிறார்கள். அந்தக் கருவிக்கும் கேபிளுக்கும் நடுவே மாட்டினால் படமும் ஒலியும் போகும், பேச்சு போகாது. சவுண்ட்பாரின் கேபிளில் மட்டும் இதை மாட்டாதீர்கள், ஏஆர்சி போய்விடும். சவுண்ட்பாரே தகராறு என்றால் ஆப்டிகல் கேபிளுக்கு மாறிவிடலாம். அதில் கட்டளை எதுவும் போகாது. சத்தத்துக்குச் சவுண்ட்பாரின் ரிமோட்டையே கையில் எடுக்க வேண்டியிருக்கும், பல சவுண்ட்பார்கள் டிவி ரிமோட்டின் கதிரைக் கற்றுக்கொள்ளவும் செய்யும்.

டிவிக்கோ ஸ்டிக்குக்கோ பெரிய அப்டேட் வந்த மறுநாள் தொல்லை திரும்பினால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் சிஇசி அமைப்பைத் திறந்து பாருங்கள், அப்டேட் அதை மறுபடி ஆன் செய்து வைத்திருக்கலாம். எல்லாக் கேபிளையும் உருவி, டிவி மட்டும் தனியே நிற்கும்போதும் அது தானாக எரிந்தால் அப்போது மெக்கானிக் சொன்ன போர்டைப் பற்றிப் பேசலாம். அதற்கும் முன்னால் டைமர், அலாரம், வைஃபை வழியாக எழுப்பும் வசதி மூன்றும் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.